பழைய மென்பொருள் எதை நம்பியிருந்தது?

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய மென்பொருள், ஒரு அப்டேட் போட்டதும் படுத்துவிடுகிறது. உடனே எழும் கேள்வி, தப்பு யார்மேல் என்பதுதான். பழையதை எழுதியவர் மேலா, புதிய பாகத்தைச் செருகியவர் மேலா? இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறவர் பழுதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க மாட்டார் என்பது என் எண்ணம். பல நேரங்களில் பழுது இரண்டில் எதிலும் தனியாக இருப்பதில்லை. யாரும் வாக்குக் கொடுக்காத ஒன்றைப் பழைய நிரல் நம்பிக்கொண்டிருக்கும். அப்படி ஒருவர் நம்பியிருப்பது தெரியாமலேயே புதிய பாகம் அதை மாற்றியிருக்கும்.

2010ஆம் ஆண்டு வெளியான ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் பதிப்பில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. 64 பிட் ஃபிளாஷ் பிளேயரில் பாட்டுக் கேட்டவர்களுக்கு ஒலி கரகரவென்று சிதைந்து வந்தது. ஃபிளாஷ் மாறவில்லை; ஒலி டிரைவரிலும் குறையில்லை. மாறியிருந்தது ஜிலிப்சி என்ற அடிப்படை நிரல் நூலகத்தின் மெம்காப்பி. நினைவகத்தில் ஓரிடத்தில் உள்ளதை இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் சின்ன வேலைதான் அதனுடையது. ஐந்து கட்டங்களை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். முதல் கட்டம் காலி. மற்ற நான்கில் க, ங, ச, ஞ. எல்லாவற்றையும் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். இடமிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எடுத்து எழுதினால் க, ங, ச, ஞ என்றே வரும். வலமிருந்து தொடங்கினாலோ ஞ போய்ச் ச-வை அழிக்கும், அடுத்ததையும் ஞ-வே அழிக்கும்; கடைசியில் ஐந்து கட்டத்திலும் ஞ மட்டுமே மிஞ்சும். இப்படி எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் மெம்காப்பியைப் பயன்படுத்தக் கூடாது, அதற்கென உள்ள மெம்மூவைத்தான் அழைக்க வேண்டும் என்று சி மொழியின் விதியே சொல்கிறது. ஃபிளாஷ் அந்த விதியை மீறியிருந்தது. ஆனால் பழைய மெம்காப்பி முன்னிருந்து பின்னாக நகலெடுத்ததால், மீறல் வெளியே தெரியவே இல்லை. வேகத்துக்காகச் சில செயலிகளில் புதிய மெம்காப்பி பின்னிருந்து நகலெடுக்கத் தொடங்கியதும் ஒலி கெட்டது. விதிப்படி பார்த்தால் குற்றவாளி ஃபிளாஷ்தான். ஆனால் அந்தத் தீர்ப்பு, பாட்டுக் கேட்க உட்கார்ந்தவருக்கு ஒரு காசுக்குப் பயன்படாது. தவறு யாருடையது என்று எழுந்த விவாதத்தில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பயனர் பக்கம் நின்றதும் அதனால்தான்.

விதியை மீறாத நிரலுக்கும் இதே கதி வரலாம். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய முதல் ஏரியான் 5 ராக்கெட், ஏவும் வரிசை தொடங்கி ஏறக்குறைய 40 நொடிகளில், நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களோடு சிதறியது. திசை காட்டும் கருவியின் மென்பொருள் ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை அது 16 பிட் இடத்தில் திணித்தது. அந்த இடம் 32,767 வரைதான் தாங்கும். ஏரியான் 4-இன் பாதையில் அந்த எல்லை ஒருபோதும் தாண்டப்படாது என்று கணக்கிட்டே காப்பு வைக்காமல் விட்டிருந்தார்கள், கணக்கு சரிதான். ஏரியான் 5 இன்னும் வேகமாகச் சாய்ந்து பறந்தது; எண் எல்லையைத் தாண்டியது, கருவி நின்றுபோனது. மாற்றுக் கருவியும் இருந்தது. ஆனால் அதிலும் அதே மென்பொருள், அதே காரணத்தால் முதலில் விழுந்தது அதுதான். இதில் வேதனை, அந்தக் கணக்கீடு ஏரியான் 5-இல் தரையை விட்டு எழும்பிய பிறகு எதற்குமே தேவைப்படவில்லை.

அப்படியானால் பழுது தேடுபவர் செய்ய வேண்டியது, மாறியது எது என்பதை முதலில் தனிமைப்படுத்துவது. ஒரே நேரத்தில் மூன்று பாகங்களை மாற்றிப் பார்ப்பது, மருந்துக் கடையில் மூன்று மாத்திரை வாங்கி ஒன்றாக விழுங்குவது போல. எது கேட்டது என்று தெரியாது. ஓடிய பதிப்புக்கும் ஓடாத பதிப்புக்கும் இடையே ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும், நடுவில் வெட்டி வெட்டிச் சோதித்தால் பத்தே சோதனையில் குற்றமுள்ள மாற்றம் அகப்படும். அதன் பிறகே முக்கியமான கேள்வி வருகிறது: இந்த மாற்றம் பழையதன் எந்த நம்பிக்கையைக் குலைத்தது? நகலெடுக்கும் திசையா, எண்ணின் அளவா, எழுத்துக் குறியாக்கமா, தேதி வடிவமா?

இவ்வளவு பாடு எதற்கு, பழையதைத் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதலாமே என்பார்கள். மூல நிரல் கையில் இருந்தால் பேசலாம். ஃபிளாஷின் மூல நிரல் லினக்ஸ்காரர்களிடம் இருக்கவில்லை. இருந்தாலும்கூட, பழையதன் நம்பிக்கைகள் என்னவென்று தெரியாமல் எழுதப்படும் புதியது, அவற்றை ஒவ்வொன்றாகத் தடுக்கி விழுந்தே கற்கும். இன்னொரு மறுப்பு கனமானது: பழையவர்களின் தவறுகளையெல்லாம் புதியது ஏன் சுமக்க வேண்டும்? இப்படிச் சுமந்தால் ஓட்டைகளும் கூடவே தங்கிவிடாதா? தங்கும். பாதுகாப்புக்குக் கேடு என்றால் பழையதை முறிக்கத்தான் வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிட்டு. ஆனால் வேகத்துக்கான மாற்றம் அந்த வகையல்ல. 2011இல் ஜிலிப்சி 2.14 கண்ட வழி எனக்கு நியாயமாகப் படுகிறது. புதிதாகத் தொகுக்கப்படும் நிரல்களுக்குப் புதிய மெம்காப்பி. ஏற்கெனவே தொகுக்கப்பட்டவை அழைத்தால், படிந்த இடங்களையும் பத்திரமாகக் கையாளும் பழைய பதிப்பு. பெயர் ஒன்று, பதிப்பு எண் இரண்டு. ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு ஓய்ந்துவிட்டது. அந்த இரண்டு மெம்காப்பிகளும் நூலகத்தில் இன்னும் அருகருகே இருக்கின்றன.