பல் வைத்தா, வைக்காமலா?

1935-ஆம் வருஷம். ஹாலிவுட்டில் ஹோவர்டு ஹாக்ஸ் என்ற டைரக்டர் ‘பார்பரி கோஸ்ட்’ என்னும் படத்துக்கு ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தார். தங்கம் தேடி ஜனங்கள் கலிபோர்னியாவுக்கு ஓடிய காலத்து ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்துக் கதை அது. கதாநாயகி, வில்லன் எல்லாரும் தயார். ஊரை ஏமாற்றிப் பிழைக்கும் ஒரு கிழவன் வேஷத்துக்குத்தான் ஆள் அகப்படவில்லை. பெரிய வேஷம் ஒன்றும் இல்லை. மூன்று நாள் வேலை.

யாரோ ஒருவரை அழைத்து வந்து நிறுத்தினார்கள். ஹாக்ஸ் அவரிடம் வசனத் தாளைக் கொடுத்து, “எங்கே, படியுங்கள் பார்க்கலாம்” என்றார்.

வந்தவர் தாளை ஒரு முறை பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையுடன், “வைத்துக்கொண்டா, வைத்துக்கொள்ளாமலா?” என்று கேட்டார்.

“எதை?”

“பல்லை!”

ஹாக்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். வந்தவர் திரும்பி நின்று பல் செட்டைக் கழற்றினார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது நாற்பது வயது மனிதர் போய், எழுபது வயதுக் கிழவர் அங்கே நின்றார். மூன்று நாள் வேலைக்கு வந்தவரை ஆறு வாரம் விடாமல் வைத்துக்கொண்டதாக, ஹாக்ஸ் பிற்காலத்தில் பல தடவை இந்தக் கதையைச் சொல்லி மகிழ்ந்ததுண்டு.

அந்தப் பொக்கை வாய்க்காரர்தான் வால்டர் பிரென்னன். ஹாலிவுட் நடிகர்களில், ஆணாகட்டும் பெண்ணாகட்டும், முதன் முதலில் மூன்று ஆஸ்கார் பரிசு வாங்கியவர் அவரே. ஒரு படத்திலாவது கதாநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு டூயட் பாடியதற்காக அல்ல. கதாநாயகனுக்குப் பக்கத்தில் நின்று முணுமுணுத்ததற்காக!

கையில் எடுத்ததெல்லாம் நழுவியது

பிரென்னன் பிறந்தது 1894, ஜூலை 25-ந் தேதி, மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் லின் என்ற ஊரில். ஐரிஷ் வம்சாவளிக் குடும்பம். தகப்பனார் ஓர் இஞ்சினீயர். புதிது புதிதாக எதையாவது கண்டுபிடித்துக்கொண்டிருப்பவர். பையனும் தொழிற்கல்விதான் படித்தான். ஆனால் மனம் நாடக மேடையிலேயே இருந்தது. அந்த நாளில் அமெரிக்காவில் பாட்டும் கூத்தும் விகடமுமாக ஊர் ஊராகச் சுற்றிய வாடவில் கோஷ்டிகளில் சேர்ந்து கொஞ்ச காலம் நடித்தான்.

பிறகு முதல் மகா யுத்தம் வந்தது. பீரங்கிப் படையில் சேர்ந்து பிரான்ஸுக்குப் போனார். யுத்தகளத்தின் விஷப் புகை பட்டுத்தான் அவருடைய குரல் கெட்டு, கீச்சென்று ஆயிற்று என்று சொல்வார்கள். யுத்தம் முடிந்து திரும்பியவர், ஒரு நிலையில் நிற்கவில்லை. கொஞ்ச நாள் பத்திரிகை நிருபர் வேலை. கௌதமாலா நாட்டுக்குப் போய் அன்னாசிப் பயிர் வைத்தார். 1920-ல் கல்யாணம். அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வீடு, மனை வாங்கி விற்கும் வியாபாரம். அதில் நிஜமாகவே பணம் கொட்டியது. கொட்டியது எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாகப் போகவும் போயிற்று. 1925 வாக்கில் மனை விலைகள் சரிந்தன, பிரென்னன் ஒட்டாண்டியானார்.

மனைவி, குழந்தைகளுடன் இருந்த மனிதர் என்ன செய்வார்? சினிமா ஸ்டூடியோவின் வாசலில் போய் நின்றார். ‘எக்ஸ்ட்ரா’ என்று நாம் சொல்கிறோமே, கும்பலில் நிற்கிறவர்கள், அந்த வேலை. குதிரையிலிருந்து விழ வேண்டுமா, விழுவார். அடி வாங்க வேண்டுமா, வாங்குவார். அவரைப் போலவே நாட்கூலிக்கு வந்து நின்ற இன்னொருவர், நெடுநெடுவென்று வளர்ந்த ஓர் இளைஞர். அதிகம் பேசமாட்டார், குதிரை மட்டும் நன்றாக ஓட்டுவார். அவர் பெயர் கேரி கூப்பர். கூப்பர் சீக்கிரமே நட்சத்திரமாகிவிட்டார். பிரென்னன் பத்து வருஷம் கும்பலிலேயே நின்றார்.

1933-ல் வந்த ‘தி இன்விஸிபிள் மேன்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத மனிதன் தெருவில் ஒருவருடைய சைக்கிளைப் பறித்துக்கொண்டு போவான். அந்தச் சைக்கிளைப் பறிகொடுத்தவர் பிரென்னன்தான். அன்றைக்கு அவர் பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கு நடுவில், 1932 வாக்கில், படப்பிடிப்பில் ஏற்பட்ட விபத்தில் முன்பற்கள் பல போய்விட்டன. வேறொரு நடிகனுக்கு இப்படி நேர்ந்திருந்தால் அத்துடன் தொழிலுக்கு முழுக்குத்தான். பிரென்னனோ, பொய்ப் பல் கட்டிக்கொண்டு, இனி தமக்கு இரண்டு முகம் இருப்பதாகக் கணக்குப் போட்டுக்கொண்டார். பல் வைத்தால் ஒரு வயது. எடுத்தால் இன்னொரு வயது. தலைமயிரும் முன்னதாகவே ஏறிப் போயிருந்தது. கீச்சுக் குரலும் சேர்ந்தது. இளமையில் போனதெல்லாம் சேர்ந்து ஒரு முதுமையைக் கொடுத்துவிட்டன. அந்த முதுமையை வைத்து நாற்பது வருஷம் சாப்பிட்டார் மனிதர்!

மூன்று பரிசும் ஒரு புகாரும்

‘பார்பரி கோஸ்ட்’டைத் தயாரித்தவர் ஸாமுவேல் கோல்ட்வின். அவருடைய அடுத்த படங்களில் ஒன்று ‘கம் அண்டு கெட் இட்’. காடுகளில் மரம் வெட்டும் தொழிலாளரைப் பற்றிய கதை. அதில் ஸ்வீடன் தேசத்திலிருந்து வந்து குடியேறிய ஸ்வான் என்ற பாத்திரம் பிரென்னனுக்குக் கிடைத்தது. தன் சிநேகிதன் கைவிட்ட பெண்ணை மணந்து, கடைசி வரை ஒரு புகாரும் சொல்லாமல் வாழும் மனிதன்.

அந்த வருஷம், அதாவது 1936-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான், அகாடமியார் துணை நடிகர்களுக்கென்று தனிப் பரிசு ஒன்றை முதல் தடவையாக ஏற்படுத்தினார்கள். பிரென்னன் அதை வாங்கினார். ஒரு வேடிக்கை கேளுங்கள். துணை நடிகர்களுக்கு அப்போது அந்தத் தங்கப் பொம்மை கிடையாது; ஒரு பட்டயம் மாத்திரமே! பரிசிலும் துணைப் பரிசுதான்.

1938-ல் ‘கெண்டக்கி’ என்ற பந்தயக் குதிரைப் படத்தில் மூர்க்கமும் பிடிவாதமும் நிறைந்த ஒரு கிழவர் வேஷம். அப்போது பிரென்னனுக்கு 44 வயது. இரண்டாவது பரிசு. 1940-ல் ‘தி வெஸ்டர்னர்’. மூன்றாவது பரிசு. ஐந்து வருஷத்தில் மூன்று! அவரிடம் தோற்றவர்கள் லேசுப்பட்டவர்களா? ஷெர்லக் ஹோம்ஸாக நடித்துப் புகழ் பெற்றாரே பாசில் ராத்போன், அவர் இரண்டு தடவை தோற்றார். சார்லி சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தில் முஸோலினி மாதிரி வந்து கொட்டமடித்த ஜாக் ஓக்கி ஒரு தடவை.

வம்பு பேசுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? அந்தக் காலத்தில் ஆஸ்கார் ஓட்டுப் பதிவில் எக்ஸ்ட்ராக்களுக்கும் ஓட்டுரிமை கொடுத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான நாட்கூலி நடிகர்கள். பிரென்னன் அவர்களோடு வெயிலில் நின்றவர். அவர்களோடு கீழே விழுந்தவர். “நம்ம ஆள்!” என்று அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அவருக்கே ஓட்டுப் போடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. பிரென்னனுக்கே இது கூச்சமாக இருந்ததாம். பின்னால் எக்ஸ்ட்ராக்களின் ஓட்டுரிமை எடுக்கப்பட்டுவிட்டது. அதற்குக் காரணமே பிரென்னன் வாங்கிய பரிசுகள்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. 1941-ல் ‘ஸார்ஜண்ட் யார்க்’ படத்தில் கிராமத்துப் பாதிரியாராக நடித்ததற்கு நாலாவது தடவையாக அவர் பெயர் சிபாரிசு செய்யப்பட்டது. ஆனால் பரிசு வேறொருவருக்குப் போயிற்று.

எக்ஸ்ட்ராக்கள் அவருக்கு ஓட்டுப் போட்டிருப்பார்கள், சந்தேகமில்லை. தம்மில் ஒருவன் மேடை ஏறுகிறபோது யாருக்குத்தான் கை தட்டத் தோன்றாது? ‘கெண்டக்கி’ பரிசு கொஞ்சம் அதிகப்படிதான் என்பது என் அபிப்பிராயமும். அதில் கத்தல் ஜாஸ்தி. ஆனால் ‘தி வெஸ்டர்னர்’ விஷயம் வேறு.

சாராயக் கடை நீதிபதி

ராய் பீன் என்று நிஜமாகவே ஒருவர் டெக்ஸாஸ் பிரதேசத்தில் இருந்தார். சாராயக் கடையும் அவருடையதுதான்; கோர்ட்டும் அவருடையதுதான்; இரண்டும் ஒரே இடம். பீகாஸ் நதிக்கு மேற்கே தாமே சட்டம் என்று பலகை மாட்டி வைத்திருந்தவர். லில்லி லாங்ட்ரி என்ற ஆங்கில நாடக நடிகையின் மீது அவருக்குப் பைத்தியம். அவளை அவர் நேரில் பார்த்ததே இல்லை!

படத்தில் குதிரைத் திருட்டுக் குற்றத்துக்காகக் கேரி கூப்பரை அவர் முன் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். தூக்குத் தண்டனை நிச்சயம். கூப்பர் சுற்றுமுற்றும் பார்க்கிறார். சுவரெல்லாம் லில்லியின் படம். லாங்ட்ரியைத் தமக்குத் தெரியும் என்றும், அவள் கூந்தலில் ஒரு கற்றை தம்மிடம் இருக்கிறது என்றும் ஒரு பொய்யை அவிழ்த்து விடுகிறார். அந்தக் கணத்தில் பிரென்னனின் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஈவு இரக்கமில்லாத கிழட்டு ஓநாய், மிட்டாய்க் கடை வாசலில் நிற்கும் பையனாகிவிடுகிறது.

கடைசியில் லில்லியின் நாடகம் அந்தப் பக்கத்து ஊருக்கு வருகிறது. பீன் அத்தனை டிக்கெட்டையும் தாமே வாங்கிவிடுகிறார். பழைய ராணுவ உடுப்பும் வாளும் தரித்து, காலிக் கொட்டகையில் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறார். திரை மேலே போகிறது. மேடையில் லில்லி இல்லை, துப்பாக்கியுடன் கூப்பர்! குண்டு பட்ட பிறகு, சாகிற தறுவாயில் அவளைக் கண்ணாரக் காண்கிறார். (நிஜ ராய் பீனுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. 1903-ல் அவர் இறந்து சில மாதங்கள் சென்ற பிறகே லில்லி அந்த ஊருக்கு வந்தாள்.) வில்லன் சாகிறபோது நமக்கு தொண்டை அடைக்கிறது. எந்த ஓட்டும் இதைச் செய்துவிட முடியாது. டைரக்டர் வில்லியம் வைலர்; கதாநாயகன் கூப்பர். ஆனாலும் படம் பிரென்னனுடையது. ஒரு காலத்தில் இருவரும் ஒரே கும்பலில் நின்றவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த ஜோடி வேறு பல படங்களிலும் சேர்ந்தது. ‘மீட் ஜான் டோ’ (1941) படத்தில் கூப்பரின் நாடோடித் தோழராக வருகிறார் பிரென்னன். பையில் நாலு காசு சேர்ந்தால் வீடு, கார், இன்ஷ்யூரன்ஸ் என்று விற்க வருகிற கூட்டம் நம்மைச் சூழ்ந்துகொள்ளும் என்று பயந்து நடுங்குகிற பாத்திரம். சொத்தெல்லாம் இழந்த ஒருவர் அதைச் சொல்லும்போது சிரிப்பும் வருகிறது, சுருக்கென்றும் இருக்கிறது.

பக்கத்தில் நிற்கிறவர்

1940-க்குப் பிறகு வந்த படங்களில் எதைச் சொல்வது, எதை விடுவது? ‘டு ஹாவ் அண்டு ஹாவ் நாட்’ (1944) படத்தில் ஹம்ப்ரி போகார்ட்டின் குடிகாரச் சிநேகிதர். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், செத்த தேனீ கொட்டியதுண்டா என்று விசாரிப்பார். இந்த அசட்டுக் கேள்விக்கு ஒருவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதை வைத்தே அவர் நல்லவரா கெட்டவரா என்று நமக்குத் தெரிந்துவிடும்.

அவருக்குக் குழந்தை மனம்தான் நடிக்க வரும் என்று நினைத்தவர்களுக்கு, ஜான் போர்டு எடுத்த ‘மை டார்லிங் கிளமெண்டைன்’ (1946) நல்ல பதில். அதில் கிளாண்டன் கிழவராக வந்து, வளர்ந்த மகன்களைச் சாட்டையால் விளாசுகிறார். சிரிப்பில்லை, முணுமுணுப்பில்லை, பார்வையே ரத்தத்தை உறைய வைக்கும். ஆனால் போர்டுடன் அவருக்கு ஒத்துப்போகவில்லை. அதற்கப்புறம் அவர் படம் எதிலும் பிரென்னன் நடிக்கவில்லை.

ஹாக்ஸ் மாத்திரம் அவரை விடவில்லை. ‘ரெட் ரிவர்’ (1948) படத்தில் ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிப் போகும் கூட்டத்துக்கு அவர் சமையற்காரர். அந்தப் பழைய பல்லை ஹாக்ஸ் மறப்பாரா? சமையற்காரர் சீட்டாட்டத்தில் பொய்ப் பல்லைச் செவ்விந்தியர் ஒருவரிடம் தோற்றுவிடுகிறார். சாப்பாட்டு வேளையில் மட்டும் பல் கடனாகத் திரும்பி வரும். சாப்பிட்டானதும் ஒப்படைத்துவிட வேண்டும்! 1959-ல் ‘ரியோ பிராவோ’. நொண்டிக் காலுடன் சிறைக் கதவுக்குப் பின்னால் துப்பாக்கியோடு உட்கார்ந்து, ஷெரீப் ஜான் வெய்னை ஓயாமல் திட்டிக்கொண்டே அவருக்காக உயிரைக் கொடுக்கத் தயாராயிருக்கும் ஸ்டம்பி. நம் வீடுகளில் பாட்டிமார் திட்டுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் திட்டின் அர்த்தம் உடனே புரியும்.

டெலிவிஷன் வந்தபோது பழைய சினிமாக்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள். பிரென்னன் 1957-ல் ‘தி ரியல் மெக்காய்ஸ்’ தொடரில் தாத்தாவாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தார். மலை நாட்டுக் குடும்பம் ஒன்று கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து வந்து பண்ணை நடத்தும் கதை. 1963 வரை நடந்தது. 1962-ல், 67-ஆவது வயதில், ஒரு கிழட்டு விவசாயியையும் அவருடைய கோவேறு கழுதையையும் பற்றிய ‘ஓல்டு ரிவர்ஸ்’ என்ற இசைத்தட்டைக் கொடுத்தார். பாடினார் என்று சொல்ல முடியாது. கதை சொல்வதுபோல் பேசினார். அமெரிக்க இசைத்தட்டு வரிசையில் அது ஐந்தாவது இடத்துக்கு ஏறியது. யுத்தத்தில் கெட்ட குரலாம்!

எல்லாருக்கும் தாத்தாவாக இருந்தவரின் மனம் எல்லாருக்கும் இடம் கொடுத்தது என்று மட்டும் சொல்வதற்கில்லை. அரசியலில் அவர் கடும் வலதுசாரி. நீக்ரோக்கள் சம உரிமைக்காகப் போராடிய அந்த வருஷங்களில் அவர் எதிர்ப்பக்கம் நின்றார். வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்தே வைக்க வேண்டும் என்று முழங்கிய அலபாமாவின் முன்னாள் கவர்னர் ஜார்ஜ் வாலஸ் 1968-ல் ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது, அவரைப் பகிரங்கமாக ஆதரித்தார். திரையில் ஊர் பேர் தெரியாத ஏழைகளையெல்லாம் அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டு நடித்த மனிதருக்கு இது ஏன் புரியவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

சம்பாதித்ததை இந்தத் தடவை அவர் கோட்டை விடவில்லை. ஆரிகன் மாகாணத்தில் ஜோஸப் என்ற சிற்றூருக்கு அருகே 12,000 ஏக்கர் மாட்டுப் பண்ணை வாங்கினார். அந்த ஊரில் ஒரு மோட்டலும் ஒரு சினிமாக் கொட்டகையும்கூட அவருக்குச் சொந்தம். 1920-ல், கையில் காசில்லாத காலத்தில், கைப்பிடித்த மனைவியுடனேயே கடைசி வரை வாழ்ந்தார். ஹாலிவுட்டில் இது ஆஸ்காரை விட அபூர்வம் என்பார்கள்.

அவர் மூன்றாவது பரிசு வாங்கிய பிறகு 28 வருஷம் வரை வேறு எந்த நடிகரும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. 1969-ல்தான் காதரின் ஹெப்பர்ன் எட்டினார். பின்னால் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். ஆனால் மூன்றையும் துணை வேஷத்துக்கே வாங்கியவர் பிரென்னன் ஒருவர்தான்.

1974, செப்டம்பர் 21-ந் தேதி, கலிபோர்னியாவில் ஆக்ஸ்னார்டு என்ற ஊரில் நுரையீரல் நோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 80. படங்களில் அந்த வயதை அவர் முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்பே தாண்டியிருந்தார்.