மானிப்பாய் கண்ட மருத்துவ நற்செய்தியாளர்

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் என் பழைய மாணாக்கர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். உயர்தரம் வரை விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்று, பின்னர் மருத்துவ பீடம் புகுந்து, இப்பொழுது வைத்தியராகக் கடமையாற்றுபவர் அவர். ஊர்ப் புதினங்கள் பேசி முடிந்தபின் சற்றுத் தயங்கி ஒன்று சொன்னார்.

"ஐயா, அம்மம்மாவுக்கு ஈரலில் வருத்தம். என்ன வருத்தம், உள்ளே என்ன நடக்கிறது என்று விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்டா. நானும் தொடங்கினேன். இரண்டு வசனத்துக்கு மேலே தமிழில் வரவில்லை. 'சரி ராசா, நீ மருந்தை மட்டும் தா' என்று சொல்லிவிட்டா."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னாரெனினும் அச்சிரிப்பிலே நாணம் கலந்திருந்தது. அந்த நாணத்தில் எனக்கும் பங்குண்டு. அவருக்கு இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தவன் நான் அன்றோ? அன்றிரவு என் பழைய குறிப்புப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்திலே அமர்ந்து, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் மருத்துவ நூல்களிலிருந்து நான் பெயர்த்தெழுதி வைத்த சொற்கள் அதில் இருந்தன. அந்நூல்கள் வெளிவரக் காரணராய் இருந்தவர் தமிழரல்லர். அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஒரு நற்செய்தியாளர். அவரே வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே பிறந்தவர். நியூயோர்க்கிலே மருத்துவம் பயின்று, 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டிலேயே இங்கு வந்து தெல்லிப்பழையிலும் பிற ஊர்களிலும் தங்கள் பணியைத் தொடங்கியிருந்தனர். பண்டத்தரிப்பிலே வைத்தியர் ஜோன் ஸ்கடர் நோயாளரைப் பார்த்து வந்தார். 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிலே அவர்களுடைய உயர்கல்லூரியாகிய செமினறி எழுந்தது. கிறீன் 1848ஆம் ஆண்டு மானிப்பாயைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். மருந்துச்சாலை நடாத்தியதோடு இளைஞர் சிலரைச் சேர்த்து அவர்களுக்கு மருத்துவமும் கற்பிக்கத் தொடங்கினார்.

இவ்விடத்தில் வாசகர்க்கு ஒன்று கூறிவிடல் முறையாகும். நான் சைவன், நாவலர் பெருமானைக் குருவாகப் போற்றும் மரபிலே கற்றவன். ஆறுமுக நாவலரும் பிறந்தது அதே 1822ஆம் ஆண்டிலேதான். கிறீன் மானிப்பாயில் அமர்ந்த அதே 1848ஆம் ஆண்டு நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கிறீனுடைய மருந்துச்சாலையிலே நாடோறும் வேதவாசகமும் செபமும் நடந்தபின்னரே நோயாளரைப் பார்க்கும் வழக்கம் இருந்தது. நோயுற்று நலிந்தவனிடம் மதத்தைப் போதித்தல் தகுமோ என்று அன்றைய சைவர் வினாவினர். அவ்வினா நியாயமற்றதென்று நான் கூறமாட்டேன். அதனை மறைத்துவிட்டு ஒருவரைப் புகழ்வது அவருக்கும் மரியாதையாகாது. தம் நோக்கத்தை அவரே ஒருபோதும் மறைத்தவரல்லர்.

ஆயினும் அவருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து நோக்குமிடத்து வியப்பான ஒரு திருப்பம் காணப்படுகின்றது. தொடக்கத்திலே அவரும் ஆங்கிலத்திலேதான் மருத்துவம் கற்பித்தார். கற்றுத் தேறியோர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியிடங்களுக்குச் சென்றுவிட்டனர். எந்தக் கிராமங்களுக்கு வைத்தியர் வேண்டுமென்று அவர் எண்ணினாரோ அக்கிராமங்கள் முன்போலவே வறிதாய்க் கிடந்தன. செமினறியின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஆங்கிலக் கல்வி நற்செய்திப் பணியாளரை ஆக்காமல் உத்தியோகத்தரையே ஆக்குகிறதென்று கண்ட மிசன் சபையார் அதனை 1855ஆம் ஆண்டு மூடிவிட்டனர். சபையார் கல்லூரியை மூடினர். கிறீன் தமக்கு முன்னிருந்த அதே இடர்ப்பாட்டுக்கு வேறொரு விடை கண்டார். இடையிலே சில ஆண்டுகள் தாயகம் சென்றிருந்து 1862ஆம் ஆண்டு மீண்ட அவர், 1864ஆம் ஆண்டு முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பதெனத் துணிந்தார்.

இத்துணிவின் அருமையை ஆசிரியராய் உள்ளோர் எளிதில் உணர்வர். கற்பிக்க நூல் இல்லை. நூல் எழுதச் சொல் இல்லை. கிறீன் சொற்களுக்கு ஒரு முறை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழ் வழக்கிலே சொல் உண்டோவென்று தேடுவது; இல்லையேல் வடமொழியை நாடுவது; அங்கும் அமையாதாயின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைத்து எழுதுவது. புண்ணை அறுத்தாற்றும் கலைக்கு 'இரண வைத்தியம்' என்ற பெயர் கிடைத்தது. உடலின் தொழிற்பாட்டைக் கூறும் கலை 'சுகரணம்' ஆயிற்று. இரசாயனம் 'கெமிஸ்தம்' என்று ஆங்கிலத் தலையும் தமிழ் வாலுமாய் நின்றது. உடலமைப்பைக் கூறும் கலைக்கு 'அங்காதிபாதம்' என்று பெயரிட்டனர். தலைவனையும் தலைவியையும் அடிமுதல் முடிவரை பாடும் பாதாதிகேசம் என்னும் பிரபந்த மரபு இச்சொல்லைக் கேட்டவுடன் என் நினைவுக்கு வருகின்றது. புலவர் அழகு பாட வகுத்த நெறியிலே, எலும்பையும் நரம்பையும் எண்ணி உரைக்கும் ஒரு சாத்திரம் வந்து அமர்ந்துகொண்டது போலும்!

இச்சொற்களிலே வடமொழி மிகுந்துள்ளதென்று இன்று நாம் குறை கூறலாம். இன்றைய பாடநூல்கள் உடற்கூற்றியல், உடற்றொழிலியல் என்று தெளிவாகவே கூறுகின்றன. ஆயினும் மேனாட்டு மருத்துவம் முழுவதற்குமாக இப்படிச் சொல் தேடிப் புறப்பட்டவர்கள் அவர்களே.

இங்கே 'அவர்கள்' என்று பன்மையிற் கூறியது காரணம் பற்றியே. கிறீனுடன் அவருடைய தமிழ் மாணாக்கரும் அமர்ந்து மொழிபெயர்த்தனர். டன்வோத், சப்மன், போல் என்றவாறு அமெரிக்கப் பெயர் தாங்கிய அவ்விளைஞர்கள் இம்மண்ணின் மைந்தரே. மாணவருக்கு இவ்வாறு பெயர் சூட்டுதல் அன்றைய மிசன் பாடசாலைகளின் வழக்கம். கிறீனோ கிறிஸ்தவனாகும் தமிழன் தன் உடையையும் நடையையும் கைவிட வேண்டியதில்லை என்ற கருத்தினர். ஐரோப்பியர் போல உடுத்து நடப்பதைத் தம் மாணவரிடம் அவர் விரும்பவில்லை.

பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், வைத்தியாகரம் எனத் தமிழிலே நூல்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. கிறே என்பார் எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூல் இலண்டனிலே முதன்முதல் வெளியானது 1858ஆம் ஆண்டில். 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரோடு அது தமிழிலே வந்தது 1872ஆம் ஆண்டில். இடையே கழிந்தவை பதினான்கு ஆண்டுகளே. கிறீனின் முயற்சியால் அச்சேறிய தமிழ் மருத்துவப் பக்கங்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவரிடம் கற்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலே கற்றவர்கள்.

1873ஆம் ஆண்டு கிறீன் தாயகம் திரும்பினார். திரும்பியும் தமிழை விட்டாரல்லர். வூஸ்ரரில் இருந்துகொண்டே தமிழ்நூல்களைத் திருத்தும் பணியைத் தொடர்ந்தார். 'கெமிஸ்தம்' 1875ஆம் ஆண்டிலும், 'மனுஷ சுகரணம்' 1883ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மறு ஆண்டு அவர் காலமானார். தம் கல்லறையிலே தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர் என்று பொறிக்க வேண்டுமென முன்னரே எழுதிவைத்திருந்தார். அவ்வாறே பொறிக்கப்பட்டது.

அவர் தமக்குத் தாமே சூட்டிய அப்பட்டத்திலே இரண்டு சொற்களை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நற்செய்தியாளர் என்பது ஒன்று. அவர் விரும்பிய அளவுக்கு இம்மண் மதம் மாறவில்லை. அந்த வகையில் அவர் பெற்ற அறுவடை சிறிது. தமிழருக்கு என்பது மற்றொன்று. ஒரு மக்களுக்கு ஒன்றைக் கொடுப்பதாயின் அதனை அவர்கள் மொழியிலே கொடுக்க வேண்டுமென்பதை அவர் வேதத்தைக் கொண்டு கற்றார். கற்றதை மருத்துவத்துக்கும் பொருத்தினார். நாவலரும் இதே உண்மையைக் கண்டு, சமயத்தை யாவர்க்கும் விளங்கும் வசனநடையிலே எழுதினார். எதிரெதிர் நின்ற இருவரும் தமிழ் உரைநடையின் வாயிலாகவே மக்களை நாடினர்.

கிறீனின் கனவு நிலைக்கவில்லை. 1870ஆம் ஆண்டு கொழும்பிலே அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலே தொடங்கியது. உத்தியோகமும் ஆங்கிலத்தோடு சென்றது. மானிப்பாயின் தமிழ் வகுப்பு காலப்போக்கிலே மறைந்தது. கவிஞர் அம்பி அவர்கள் 1967ஆம் ஆண்டு 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூலை எழுதி அவரை நமக்கு மீண்டும் நினைவூட்டினார். எனினும் இன்றும் நம் பிள்ளைகள் பாடசாலையிலே தமிழில் விஞ்ஞானம் கற்று, மருத்துவத்தை ஆங்கிலத்திலேயே கற்கின்றனர். உலகறிவுக்கு ஆங்கிலம் வேண்டும். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் நோயாளி கேட்கும் கேள்வி தமிழிலே அல்லவா வருகின்றது?

அடுத்த கிழமையே அந்த மாணாக்கரை அழைத்து, என் குறிப்புப் புத்தகத்தை அவரிடம் காட்டினேன். இப்பொழுது ஞாயிறுதோறும் இருவரும் ஒரு மணி நேரம் அமர்ந்து, நோய்களை ஊரவருக்கு எடுத்துரைப்பதற்கான சொற்களை எழுதி வருகின்றோம். முதலில் எழுதியது அவருடைய அம்மம்மாவின் நோயைப் பற்றித்தான். 'இழைநார்ப் பெருக்கம்' என்று நாங்கள் பாடுபட்டு ஒரு தொடர் அமைத்திருந்தோம். அவர் அதனை வாசித்து, விளக்கமும் சொல்ல, மூதாட்டியார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "அப்ப ஈரல் இறுகிப்போச்சு என்று சொல்லன்" என்றாராம்.

எங்கள் தொடரை வெட்டிவிட்டு 'ஈரல் இறுக்கம்' என்று எழுதிக்கொண்டோம். தமிழ் வழக்கிலே முதலில் தேடுக என்ற கிறீனின் முதல் விதியை அன்றுதான் நான் சரிவரப் படித்தேன்.