நூறு பேர் சேராத பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் வேண்டாமா?

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள சுண்ணாம்புக்குளம் போன்ற மீனவ ஊர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், முகத்துவாரம் தூர்ந்துபோவதும் மீன்பாடு குறைந்ததும் உடனே வரும். அங்குள்ள பிள்ளைகளுக்கு ஓவியப் பாடம் கிடைக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குச் சட்டமே ஒரு பதிலை எழுதி வைத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்து அட்டவணைப்படி, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்திருந்தால்தான் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் உண்டு. சிதறிக் கிடக்கும் சிறிய குப்பங்களில் அந்த எண்ணிக்கையைத் தொடாத பள்ளிகள் எத்தனையோ. தொண்ணூறு பிள்ளைகள் படிக்கும் இடத்தில் கணக்கு ஆசிரியர் வேண்டும், ஓவிய ஆசிரியர் வேண்டாம் என்பதற்கு என்ன நியாயம்? ஓவியத்தைப் பாடமாகக் கருதாமல், வசதி இருந்தால் சேர்த்துக்கொள்ளும் உபரியாகக் கருதுவதுதான் இதற்குக் காரணம். அந்தக் கருத்து தவறு என்பதோடு, ஏரிக்கரைப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக அநீதி செய்வதும்கூட.

ஓவியம் படித்தால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று சொல்லி இதற்கு ஆதரவு தேடுவோர் உண்டு. அந்த வாதம் எனக்கு உடன்பாடில்லை. எல்லன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2000இல் சொன்ன முடிவு, ஓவியப் பயிற்சியால் பிற பாட மதிப்பெண் உயர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே. ஆனால் அவர்களே பிறகு ஓவிய வகுப்புகளுக்குள் போய் உட்கார்ந்து கவனித்து, அங்கே வேறு என்ன கற்பிக்கப்படுகிறது என்பதை விரித்து எழுதினார்கள். கூர்ந்து பார்ப்பது, இல்லாததை மனத்தில் உருவாக்கிப் பார்ப்பது, சரியாக வராதபோதும் விடாமல் முயல்வது ஆகியவை அவற்றுள் சில. யேல் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு ஓவியங்களைப் பார்த்து விவரிக்கும் பயிற்சி கொடுத்தபோது, நோயாளியின் படத்தைப் பார்த்து அடையாளம் காணும் திறன் கூடியதை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. பார்ப்பதையும் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். கண் இருப்பதாலேயே அது வந்துவிடாது.

இதைச் சொல்லித்தருவதற்குப் பழவேற்காட்டைவிடப் பொருத்தமான வகுப்பறை அமைவது கடினம். ஒரு பச்சை நண்டை வரையச் சொன்னால் போதும். கொடுக்குகளையும் சேர்த்துக் கால்கள் ஐந்து ஜோடி, கடைசி ஜோடி மட்டும் துடுப்புப்போல் தட்டை என்பதைத் தாள் கேட்டு வாங்கிவிடும். பூநாரை வரைகிறவர் அதன் முழங்கால் பின்பக்கமாக மடிவதைக் கண்டு திகைப்பார். அது முழங்கால் அல்ல, கணுக்கால் என்பதில்தான் விலங்கியல் தொடங்குகிறது. ஏரியின் தென்பகுதி மீனவரிடையே ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். தண்ணீரின்மேல் கோடு கிழிக்க முடியாது. ஆகவே இடங்களின் வரைபடம் மனிதர்களின் நினைவில்தான் இருக்கிறது. அதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பெரியவர்களைக் கேட்டுக் கேட்டுத் தாளில் கொண்டுவந்தால், அது ஓவியம், புவியியல், ஊர்வரலாறு மூன்றுமாகும். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. இங்கிருந்து கப்பலேறிய வண்ணத்துணி எவ்வளவு பெயர்பெற்றது என்றால், மெக்சிகோவில் கழுத்துக்குட்டைக்கு இன்றும் ‘பாலியகாத்தே’ என்று பெயர். அது இந்த ஊர்ப்பெயரின் திரிபு. பனை ஓலையைச் சாயமேற்றிப் பின்னும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். வண்ணமும் கோலமும் இந்தக் கரைக்கு வெளியிலிருந்து வர வேண்டியவை அல்ல.

மீன்பிடித் தொழிலை விட்டு வேறு வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைக்குப் படம் சோறு போடுமா என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. எல்லாப் பிள்ளைகளையும் ஓவியராக்குவது நோக்கமல்ல. வரைபடம் படிக்கத் தெரிவது, மனத்தில் உள்ள வடிவத்தைப் பிறருக்குக் காட்டத் தெரிவது தச்சருக்கும் வெல்டருக்கும் செவிலியருக்கும் வேண்டும். பணம் ஏது என்பது அடுத்த கேள்வி. அடுப்புக்கரி, பழைய செய்தித்தாள், ஏரிச் சேறு ஆகியவற்றைக் கொண்டே தொடங்கலாம். சுண்ணாம்பும் அந்தப் பக்கத்துப் பொருள்தான். சித்தன்னவாசல் ஓவியங்களே சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டியவை. விலை கொடுக்க வேண்டியது ஆசிரியருக்குத்தான், அதில்தான் நாம் மிகவும் சுருங்குகிறோம். தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், இசை, உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்டனர். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. ஊதியம் பிறகு உயர்ந்தது. பணி நிரந்தரத்துக்கான கோரிக்கை ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2022இல் தொடங்கிய கலைத் திருவிழா இருக்கிறதே என்பார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் போட்டி ஏற்கெனவே வரையத் தெரிந்த பிள்ளையை மேடையேற்றும். தெரியாத பிள்ளைக்கு அது சொல்லித்தராது.

எட்டாம் வகுப்பைத் தாண்டினால் நிலைமை இன்னும் மோசம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஐந்து பாடங்களில் ஓவியம் இல்லை. ஆகவே அதற்கு ஒதுக்கிய பாடவேளையும் திருப்புதல் தேர்வுக்குப் பலியாகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகோ திடீரென்று ஒரு கதவு திறக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கி, தேவி பிரசாத் ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர் போன்றோர் முதல்வராக இருந்த பள்ளிதான் இன்று சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே சேரச் செய்முறைத் தேர்வு எழுத வேண்டும். பதின்மூன்று வயது முதல் பதினேழு வயது வரை பென்சிலைத் தொட வாய்ப்பில்லாத பிள்ளையிடம் அந்தத் தேர்வை வைத்துவிட்டு, கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. வீட்டில் பணம் கொடுத்து ஓவிய வகுப்புக்கு அனுப்ப முடிந்தவர்களே முன்னே நிற்பார்கள்.

நான்கைந்து சிறிய பள்ளிகளுக்கு ஒரே ஓவிய ஆசிரியரை முழுநேரமாக நியமித்து, வாரத்துக்கொரு நாள் ஒவ்வொரு பள்ளிக்கும் போகச் செய்வது மாநில அரசால் ஆகக்கூடியது. அட்டவணையிலுள்ள அந்த நூறு என்ற எண்ணை மாற்றப் புதிய சட்டம்கூட வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, அறிவிக்கை ஒன்றின் மூலமே அட்டவணையைத் திருத்தும் அதிகாரத்தை மைய அரசுக்குக் கொடுத்திருக்கிறது.