80 மீட்டர், 8 நொடி, 4 பேர்: கரவாக்காவின் ஒயின் குதிரைகள்

இன்னிக்கு எபிசோட் ஒரு குதிரை ஓட்டத்தைப் பத்தி. ஆனா இதுல குதிரை மேல யாரும் உட்கார மாட்டாங்க. ஒரு நேரத்துல ஒரு குதிரைதான் ஓடும். தூரம் வெறும் 80 மீட்டர், அதுவும் மேட்டுல. ரெண்டு பக்கமும் நாலு பேர் குதிரையைப் பிடிச்சுக்கிட்டே கூட ஓடணும். ஒருத்தர் கை விட்டாலும் அந்த ஓட்டம் செல்லாது.

இடம், ஸ்பெயினோட தென்கிழக்குல முர்சியா பகுதியில இருக்கிற கரவாக்கா தே லா குரூஸ். சுமார் 25,000 பேர் வாழற சின்ன ஊர். ஊருக்கு மேல குன்றுல ஒரு கோட்டை, அதுக்குள்ள புனிதச் சிலுவைக்கான தேவாலயம். வருஷா வருஷம் மே முதல் வாரத்துல நடக்கிற சிலுவைத் திருவிழாவோட ஒரு பகுதிதான் இந்த 'ஒயின் குதிரைகள்'. ஸ்பானிய மொழியில 'லோஸ் கபாயோஸ் தெல் வினோ'.

ஏன் ஒயின்? ஊர்ல சொல்ற கதை இது. 13-ஆம் நூற்றாண்டுல டெம்ப்ளர் வீரர்கள் காவல் காத்த கோட்டையை கிரனாடாவோட முஸ்லிம் படை முற்றுகை போட்டிருக்கு. உள்ள இருந்த தண்ணி கெட்டுப்போய் ஜனங்க நோயில விழ, சில பேர் உயிரைப் பணயம் வெச்சு வெளியே போறாங்க. தண்ணி கிடைக்கல, ஒயின்தான் கிடைச்சுது. அதைத் தோல்பைகள்ல நிரப்பி, குதிரை மேல ஏத்தி, எதிரிகளோட வளையத்தைப் பிளந்துக்கிட்டு மேட்டுல ஓடி வந்து சேர்ந்தாங்களாம். இது வரலாறா, ஐதீகமான்னு கேட்டா, ஐதீகம்னுதான் சொல்வேன். ஆனா ஓட்டத்தோட விதிகளைப் பாத்தா எல்லாமே இந்தக் கதையிலிருந்து வந்த மாதிரிதான் இருக்கு. மேடு, கூட்டத்தைப் பிளக்கிறது, குதிரையை விடாம கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

மே 1 அன்னிக்கு குதிரை எந்த அலங்காரமும் இல்லாம வரும். உடம்பு வாகு, நடை, கம்பீரம், இதுக்குத் தனிப் போட்டி. மே 2 காலையிலதான் உடுப்பு போடுவாங்க. உடுப்புன்னா ஏதோ ஒரு துணியைப் போத்தி விடுறதுன்னு நினைக்காதீங்க. மார்பு, கழுத்து, முதுகு, பின்பக்கம்னு ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனித் துண்டு. பட்டு நூலும் தங்க இழையும் வெச்சு கையாலேயே பூவேலை. சில துண்டுகள்ல முகங்களையும் காட்சிகளையும் ஓவியம் மாதிரியே தைச்சிருப்பாங்க. நிழல் விழற இடத்துக்கு ஒரு நூல், வெளிச்சம் படற இடத்துக்கு வேற நூல்! ஒரு செட் முடிய பல மாசம் ஆகும். பல குழுக்கள் போன வருஷத்து உடுப்பை மறுபடி போடறதே இல்ல, புதுசாத் தைப்பாங்க.

இந்தக் குழுக்களுக்குப் பேரு 'பேன்யா'. ஊர்ல இப்படி சுமார் 60 இருக்கு. சொந்தக்காரங்க, நண்பர்கள், தெருக்காரங்க சேர்ந்து காசு போட்டு, குதிரையைப் பராமரிச்சு, வருஷம் பூரா இதுக்காகவே கூடுவாங்க. பூவேலைக்கும் தனிப் பரிசு இருக்கு. வெளியூர்க்காரங்களுக்கு ஓட்டம்தான் கண்ணுல படும். ஊர்க்காரங்க பூவேலைப் பரிசையும் அதே அளவுக்குப் பெருசா நினைக்கிறாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு.

மதியம் கோட்டை மேட்டுல ஓட்டம். நல்ல குழு 8 நொடிக்குப் பக்கத்துல முடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க, நொடிக்கு 10 மீட்டர். உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில ஓடினப்போ சராசரி வேகம் நொடிக்கு 10.4 மீட்டர். அவரு சமதளத்துல, தனியா, ஓட்டப்பந்தய ஷூ போட்டுக்கிட்டு ஓடினாரு. இவங்க மேட்டுல ஓடறாங்க. எப்படி முடியுதுன்னா, குதிரை இழுத்துக்கிட்டுப் போகுது. கால் தரையில பட்டும் படாமலும் இருக்கும். அதனால இங்க கேள்வி குதிரையோட வேகம் இல்ல. மனுஷனை விட வேகமா ஓட எந்தக் குதிரைக்கும் தெரியும். நாலு பேர்ல யாரு முதல்ல தடுமாறுவாங்கங்கிறதுதான் கேள்வி. நம்ம ஃபீல்டு பாஷையில சொன்னா, சிஸ்டத்தோட ஸ்பீடைத் தீர்மானிக்கிறது அதுல இருக்கிற ஸ்லோவான பாகம். மூணு பேர் பிரமாதமா ஓடி, நாலாவது ஆள் கோட்டுக்கு ஒரு அடி முன்னாடி விட்டாலும் ஸ்கோர் பூஜ்யம். பாதி மார்க்கெல்லாம் கிடையாது.

இன்னொரு விஷயம், பாதை காலியா இருக்காது. மேடு முழுக்க ஜனங்க நிப்பாங்க. குதிரை கிட்ட வரும்போதுதான் கூட்டம் ரெண்டாப் பிரியும், அது போனதும் மறுபடி மூடிக்கும். வீடியோவுல அழகா இருக்கும். ஆனா அரை டன் எடையுள்ள பிராணி, பக்கத்துல நாலு பேர், விலகறதுக்கு ஒரு நொடி. இதுல ஆபத்தே இல்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

2020 டிசம்பர்ல யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்துச்சு. அந்த வருஷம் மே மாசம் ஸ்பெயின் கொரோனா ஊரடங்குல இருந்துச்சு, குதிரைகள் ஓடவே இல்ல. அங்கீகாரம் கிடைச்ச வருஷம் மேடு வெறிச்சோடிக் கிடந்துச்சு.

நேர்ல பார்க்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு ஒண்ணு. மே தவிர மத்த நேரம் போனாலும் ஊர்ல இதுக்குன்னே ஒரு அருங்காட்சியகம் இருக்கு, பழைய உடுப்புகளைக் கிட்ட நின்னு பாக்கலாம். மே 2-ஆம் தேதியே போறீங்கன்னா காலையில சீக்கிரம் எழுந்து உடுப்பு போடறதைப் பாருங்க. மதியம் மேட்டுக்குப் போறப்போ நடுவுல நிக்காம ஓரமா நில்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.