படை வந்தது, போனது: தீமோர் எப்படி நின்றது?

2025 அக்டோபர் 26ஆம் தேதி கோலாலம்பூர் உச்சநிலை மாநாட்டில் தீமோர் லெஸ்தே ஆசியானின் 11ஆவது உறுப்பு நாடானது. என் வகுப்புத் தோழர்கள் பலருக்கு அந்த நாட்டைப் பற்றித் தெரிந்தது இரண்டே செய்திகள்: சின்ன நாடு, ஏழை நாடு. அனைத்துலக உறவுகள் படிக்கும் எனக்கு அது வேறொரு காரணத்தால் முக்கியமாகப்படுகிறது. நிலைகுலைந்த ஒரு நாட்டை வெளியிலிருந்து வந்தவர்கள் நிமிர்த்திவிட முடியுமா என்ற கேள்விக்கு நம் பக்கத்திலேயே இருக்கும் உதாரணம் அதுதான். அங்கிருந்த ஐநா அமைதிப் படைக்கு 2002இல் சிங்கப்பூரின் மேஜர் ஜெனரல் டான் ஹக் ஜிம் தளபதியானார். அடுத்த ஆண்டு அந்தப் பொறுப்பு மலேசியாவின் கைருடின் மாட் யூசோப்பிடம் வந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போர்த்துகீசியக் காலனியாக இருந்த கிழக்கு தீமோருக்குள் 1975இல் இந்தோனேசியப் படை நுழைந்தது. 24 ஆண்டுகளுக்குப் பிறகு, 1999 ஆகஸ்ட் 30ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் பிரிந்து போகவே வாக்களித்தார்கள். உடனே இந்தோனேசிய ராணுவத்தின் ஆதரவு பெற்ற ஆயுதக் கும்பல்கள் ஊர் ஊராகக் கொளுத்தின. செப்டம்பர் 20ஆம் தேதி ஆஸ்திரேலியா தலைமையிலான பன்னாட்டுப் படை டிலியில் இறங்கியது. சில வாரங்களில் வன்முறை அடங்கியது. ஜகார்த்தா சம்மதித்த பிறகே படை இறங்கியது என்பதால்தான் வேலை இவ்வளவு சீக்கிரம் முடிந்தது. அந்தச் சம்மதம் கிடைக்காத நாடுகளில் கதை வேறு.

பிறகு வந்ததுதான் கடினமான பகுதி. செர்ஜியோ வியேரா டி மெல்லோ தலைமையில் ஐநா அங்கு ஓர் அரசாங்கமாகவே செயல்பட்டது. சட்டம் இயற்றுவது, வரி வசூலிப்பது, நீதிமன்றம் அமைப்பது, போலீசாரை உருவாக்குவது என எல்லாமே அதன் கையில். போலீஸ் பயிற்சிக்குக் கிடைத்தது அடிப்படையில் மூன்றே மாதம். அதன் பின் களத்தில் ஐநா போலீசாரோடு பணி. அவர்களோ பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆளுக்கு ஒரு முறை, ஆளுக்கு ஒரு மொழி. புதிய காவல்துறையில் முன்பு இந்தோனேசியப் போலீசில் இருந்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். ராணுவமோ காட்டில் இந்தோனேசியாவை எதிர்த்துப் போராடிய ஃபலிந்தில் வீரர்களிலிருந்து உருவானது. இவ்விரு தரப்பும் ஒன்றையொன்று எப்படிப் பார்த்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2002 மே 20ஆம் தேதி நாடு சுதந்திரம் பெற்றது. 2005 மே மாதத்தில் அமைதிப் படை கிளம்பிவிட்டது. ஓர் ஆண்டுகூடத் தாங்கவில்லை.

2006இல், மேற்கு மாவட்டத்துக்காரர்கள் என்பதால் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று புகார் சொன்ன ராணுவ வீரர்கள் கிட்டத்தட்ட 600 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அது மொத்த ராணுவத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! ஆர்ப்பாட்டம் கலவரமானது, ராணுவமும் போலீசும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். மே 25ஆம் தேதி, டிலி போலீஸ் தலைமையகத்திலிருந்து ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டு ஐநா அதிகாரிகளின் பாதுகாப்பில் வெளியே நடந்து வந்த போலீசார் மீது ராணுவ வீரர்கள் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். ஐநாவே பயிற்சி கொடுத்து உருவாக்கிய போலீசார், ஐநா கொடியின் கீழேயே விழுந்தார்கள். சுமார் பத்து லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் ஏறக்குறைய 1,50,000 பேர் வீடிழந்து முகாம்களுக்கும் உறவினர் வீடுகளுக்கும் ஓடினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போர்ச்சுகல் ஆகியவற்றோடு மலேசியாவும் படை அனுப்பியது. ஐநாவும் திரும்ப வந்தது.

சீருடை கொடுப்பது வேறு, அதைப் போட்டவர்கள் ஒருவரையொருவர் நம்புவது வேறு. இரண்டாவதற்கு வெளிநாட்டு நிபுணர்களிடம் பாடத்திட்டம் இல்லை. தீமோர் மக்களிடம் வழி ஒன்று இருந்தது: பாய். 'நாஹே பித்தி' என்றால் தெத்தூம் மொழியில் பாய் விரித்தல். ஊர்ப் பெரியவர்கள் பாய் விரித்து, தவறு செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். முடிவு வரும்வரை பாய் சுருட்டப்படாது. நம் ஊர்ப் பஞ்சாயத்துபோலத் தோன்றுகிறது அல்லவா? 1999இல் வீடு கொளுத்தியது, ஆடு மாடு திருடியது போன்ற குற்றங்களுக்கு உண்மை, நல்லிணக்க ஆணையம் இந்த முறையையே பயன்படுத்தியது. 1,300க்கும் மேற்பட்டவர்கள் ஊர் முன்னால் ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுத் திரும்பினார்கள். கொலையும் பாலியல் வன்முறையும் இதில் சேராது. அவற்றுக்குக் காரணமான பெரிய புள்ளிகள் பலர் இந்தோனேசியாவிலேயே தங்கி, எந்த நீதிமன்றத்தையும் பார்க்காமல் தப்பினார்கள். இது இன்றும் ஆறாத புண்.

2006 நெருக்கடிக்குத் தீமோர் அரசு கையாண்ட வழி இன்னும் நேரடியானது: பணம். 2005இல் தொடங்கிய பெட்ரோலிய நிதி கைகொடுத்தது. நீக்கப்பட்ட வீரர்களுக்குத் தலா 8,000 அமெரிக்க டாலர். வீடிழந்த குடும்பங்களுக்கு 4,500 டாலர் வரை. 'அமைதியைக் காசு கொடுத்து வாங்கினார்கள்' என்று ஆய்வாளர்கள் கிண்டல் செய்வதுண்டு. கலகம் செய்தவனுக்குப் பரிசு, சும்மா இருந்தவனுக்கு ஒன்றுமில்லையா என்ற கேள்வி நியாயமானதே. ஆனாலும் முகாம்கள் காலியாகி மக்கள் வீடு திரும்பினார்கள். 2008 பிப்ரவரியில் அதிபர் ஜோசே ராமோஸ் ஹோர்த்தா சுடப்பட்டுப் படுகாயமடைந்தபோதும் நாடு மறுபடி இரண்டாகப் பிளக்கவில்லை. ஐநா போலீசார் 2012 இறுதிவரை இருந்ததால் கிடைத்த அவகாசத்தையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்த அவகாசத்தில் பேசி முடித்தவர்கள் தீமோர் மக்கள்.

இப்போது எண்ணெய்ப் பணம் கரைகிறது. பாயு உண்டான் எரிவாயு வயலும் ஓய்ந்துவிட்டது. வேலையில்லாத இளையர் ஏராளம். ஆசியானில் சேருவதற்கு ஒரு மாதம் முன்பு, 2025 செப்டம்பரில், 65 நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் புதிய கார் வாங்கும் திட்டத்தை எதிர்த்து, நம் வயது பல்கலைக்கழக மாணவர்கள் டிலி வீதியில் இறங்கினார்கள். டயர்கள் எரிந்தன, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. ராணுவமும் போலீசும் மோதிக்கொள்ளவில்லை. வெளிநாட்டுப் படையை யாரும் கூப்பிடவில்லை. நாடாளுமன்றம் கார்த் திட்டத்தைக் கைவிட்டது. முன்னாள் உறுப்பினர்களின் வாழ்நாள் ஓய்வூதியத்தையும் ரத்துசெய்ய வாக்களித்தது. மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பினார்கள்.