காசு ஸ்பீக்கருக்கா, ஆம்ப்ளிஃபயருக்கா?

பாட்டுக் கேட்க செட் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் எடுத்துவிடுவது வாட்ஸ் கணக்கு. அட்டைப்பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் அச்சடித்திருக்கும் 'பி.எம்.பி.ஓ.' எண்ணைக் கண்டுகொள்ளவே வேண்டாம். அதை அளக்கப் பொதுவான முறையே கிடையாது. பார்க்க வேண்டியது ஸ்பீக்கரைத்தான்.

1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் வெளியிட்ட அமைப்புதான் பெரும்பாலான ஸ்பீக்கர்களில் இன்றும் இருக்கிறது. காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள். அதோடு ஒட்டிய பேப்பர் கோன். மின்சாரம் ஏறி இறங்க, சுருள் முன்னும் பின்னும் துடிக்கும்; கோன் காற்றைத் தள்ளும். சிக்கல் என்னவென்றால், 20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 மீட்டர், 20,000 ஹெர்ட்ஸுக்கோ 1.7 செ.மீ. இரண்டையும் ஒரே கோன் ஒழுங்காகத் தராது. அதனால் மிருதங்கத்தின் தொப்பிக்கு ஊஃபர், ஜால்ராவுக்கு ட்வீட்டர்.

பெட்டியும் வெறும் அலங்காரமில்லை. கோனின் பின்னால் கிளம்பும் அலை முன்னால் வருவதற்கு நேரெதிர். பெட்டியில்லாத ஸ்பீக்கரை மேசைமேல் வைத்துப் பாடவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துப் பேஸே இருக்காது. பலகை மெல்லியதாக இருந்தாலோ, பெட்டியும் சேர்ந்து பாடும்.

ஆம்ப்ளிஃபயரின் கதை வேறு. 1927இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஹரோல்ட் பிளாக், வெளிவரும் மின்னலையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்பிப் பிழையைக் கழிக்கும் உத்தியைக் கண்டார். அதன் புண்ணியத்தில் இன்று ஓரளவு நல்ல ஆம்ப்ளிஃபயரில் ஒலித்திரிபு 0.1 சதவீதத்துக்கும் கீழே. நல்ல ஸ்பீக்கரே கூட உரத்த பேஸில் ஒரு சதவீதத்தைத் தாண்டிவிடும்.

ஆனால் ஆம்ப்ளிஃபயருக்குத் தெம்பு போதாவிட்டால் கதை கெட்டது. சத்தம் இரு மடங்காகக் கேட்கச் சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 5 இருந்த இடத்தில் 50. தர முடியாதபோது அலையின் உச்சி வெட்டுப்பட்டு, குரல் கரகரக்கும். சில நேரம் ட்வீட்டரே கருகும்.

இதையெல்லாம் சரிபார்த்தாலும் அறை விடாது. நாலு மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் அருகே ஒலி சுவருக்குச் சுவர் மோதி நிலைகொள்ளும்: சுவரோரம் பேஸ் கொட்டும், நடுவில் உட்கார்ந்தவருக்கு வற்றிப்போகும். தங்க முலாம் ஒயருக்குக் காசை இறைக்குமுன், மூலையோடு ஒட்டிய ஸ்பீக்கரை ஒரு முழம் முன்னே இழுத்துவைத்து, நாற்காலியையும் கொஞ்சம் நகர்த்திக் கேட்டுப் பாருங்கள்.