தலையில் கோடு போட்ட ஏ

2003 தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் விளக்கு அலங்காரம் எரிந்துகொண்டிருந்தது. டன்லப் ஸ்திரீட்டில் சேலைக்கடை வைத்திருந்த அண்ணன் போனில் கூப்பிட்டார். "தம்பி, நம்ம வெப்சைட்ல தமிழே இல்ல. பூச்சி ஊர்ந்த மாதிரி என்னமோ வருது. வந்து பாரு."

அறியாமலே சரியான பெயர் வைத்துவிட்டார். மென்பொருள் வழுவுக்கு நாங்கள் சொல்லும் 'பக்' என்பதும் பூச்சிதான்.

என் கணினியில் அந்தப் பக்கம் ஒழுங்காகத் திறந்தது. சர்வரில் ஏற்றினால்தான் கிறுக்கல். படம், விலை, முகவரி என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் 'அ' மட்டும் மிஞ்சியது. அதற்கும் தலையில் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், மூன்று புள்ளி! வழுவைப் புகார் செய்வதில் பாதி வேலை இப்படிச் சுருக்குவதுதான். 'வேலை செய்யவில்லை' என்று எழுதினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? எந்தப் பதிப்பு, என்ன செய்தேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்று எழுதினால், முகம் தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து அதையே செய்து பார்ப்பார்.

யூடிஎஃப்-8 முறையில் 'அ' என்பது 3 பைட். அப்பாச்சி 2.0 சர்வரோடு வந்த அமைப்புக் கோப்பில், பக்கங்களை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று அறிவிக்கும் வரி ஒன்று இருந்தது. அந்த முறையில் ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து; அதனால்தான் ஒரு 'அ' மூன்று கிறுக்கலானது. பக்கத்துக்குள் நான் எதை எழுதினாலும், பிரவுசர் சர்வரின் பேச்சைத்தான் கேட்கும். அந்த வரியைப் படிக்காமல் விட்டது என் பிழை. நா. கோவிந்தசாமியும் டான் டின் வீயும் 1995-லேயே தமிழை இணையத்தில் ஏற்றிய ஊரில் ஒரு வரியிடம் தோற்றேனே என்று ரோஷம் வேறு.

அந்த வரியும் வீணுக்கு வந்ததல்ல. எழுத்துமுறை அறிவிக்காத பக்கத்தில் திருட்டு நிரலை நுழைக்கலாம் என்று 2000-இல் எச்சரிக்கை வந்திருந்தது. அதற்குப் போட்ட தாழ்ப்பாளில் தமிழின் விரல் நசுங்கியது. புகார்கள் போயின, பிந்தைய பதிப்புகளில் வரியை எடுத்துவிட்டார்கள். அப்பாச்சியின் மூல நிரல் எல்லோர் முன்னும் திறந்து கிடப்பதில் இது ஒரு வசதி.

2021-இல் இன்னும் வேடிக்கை. அப்பாச்சி 2.4.49-இல் முகவரியைச் சீர்படுத்தும் பகுதியை மாற்றியதில் ஓட்டை விழுந்தது. மேல் கோப்புறைக்குப் போகச் சொல்லும் இரட்டைப் புள்ளியைக் குறியீடாக மாற்றி எழுதினால், சில சர்வர்களில் காட்டக்கூடாத கோப்பெல்லாம் வெளியே வந்தது. செப்டம்பர் 29 புகார். அக்டோபர் 4-இல் 2.4.50. அது ஒற்றை மாறுவேடத்தைத்தான் பிடித்தது. மாறுவேடத்துக்கு மேல் மாறுவேடம் போட்டால் தப்பியது. அக்டோபர் 7-இல் 2.4.51 வந்தது.

ஒரே வாரத்தில் இரண்டாம் முறையாக, பத்து நிமிடம் சைட்டை நிறுத்துகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"மறுபடியும் பூச்சியா?"

"ஆமாண்ணே. திங்கட்கிழமை மருந்தடிச்ச அதே இடத்துல."